‘அடிமை’ முதல் ‘ஆள் கடத்தல்’ வரை: சட்டச் சொற்களும் தண்டனையும்

பெங்களூரைச் சூழ்ந்த செங்கற் சூளைகளிலும் கல் குவாரிகளிலும் முன்பணத்திற்குக் கட்டுண்டு உழைப்போரின் நிலையைக் கன்னடம் ‘ஜீத’ என்று சுட்டும். பிழைப்பைக் குறிக்கும் ‘ஜீவித’ என்னும் வடசொல்லின் திரிபாக இதனைக் கொள்வர். அண்டைத் தெலுங்கிலோ ‘ஜீதம்’ என்பது இன்றும் மாதச் சம்பளமே. ஒரு மொழியில் ஊதியமாகவும் மற்றொன்றில் விலங்காகவும் நிற்கும் இத்தகைய சொற்களைக் குற்றவியற் சட்டம் எவ்வாறு எதிர்கொண்டது என்பது ஈண்டு ஆராயப்படுகிறது.

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமையுடைமையை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்ததேயன்றி, தனித் தண்டனை எதனையும் விதிக்கவில்லை. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம், 370ஆம் பிரிவில், ஒருவரை ‘அடிமையாக’ வாங்குதற்கும் விற்றற்கும் ஏழாண்டு வரை சிறை விதித்தது. ஆயின் சந்தையில் விலை பேசப்படும் மனிதரையே அச்சொல் நினைவூட்டியது. கடனுக்கு ஈடாய் உழைப்பவரை அதனுள் அடக்குதல் எளிதன்று. கட்டாய உழைப்பிற்குரிய 374ஆம் பிரிவின் தண்டனையோ ஓராண்டே.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வேறு வழியை மேற்கொண்டது. ‘உடன்பாடு’ என்பதை விளக்குமிடத்து, வழக்காற்று உழைப்பு முறைகளின் பெயர்களை அது வரிசையாக அடுக்குகிறது. ஜீத, படியாள், பண்ணையிலாள், வெட்டி ஆகியன அங்கு உள்ளன. சட்ட வாசகம் ஒன்று வட்டாரச் சொல்லகராதி போன்று அமைவது அரிது. இவற்றுள் ‘வெட்டி’ சோழர் கல்வெட்டுகளில் ஊதியமற்ற உழைப்புக் கடமையாக மிகுதியும் பயில்வது. இன்றைய பேச்சில் ‘வெட்டி வேலை’ பயனற்ற வேலையாயிற்று. கூலியின்மை பயனின்மையாகத் திரிந்தது எவர் நோக்கில் என்பது சிந்திக்கத்தக்கது. பெயர்கள் துல்லியமாயினும் தண்டனை மூன்றாண்டுச் சிறையும் இரண்டாயிரம் ரூபாய் அபராதமுமே உச்சம்.

நீதிபதி வர்மா குழுவின் அறிக்கையை அடுத்து 2013 பிப்ரவரி 3இல் வந்த அவசரச் சட்டம் 370ஆம் பிரிவைப் புதிதாக்கி, ‘சுரண்டல்’ என்பதனுள் கட்டாய உழைப்பையும் வெளிப்படையாகச் சேர்த்தது. பின்னர் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் அத்தொடர் இல்லை; ‘உடல்சார் சுரண்டல்’ என்னும் பொதுத்தொடர் இடம்பெற்றது. தண்டனை மட்டும் கடுமையாயிற்று: குறைந்தது ஏழாண்டு, சிறார் எனில் பத்தாண்டு முதல் ஆயுள் வரை. பாதிக்கப்பட்டவரின் இசைவு பொருட்டன்று எனவும் விதிக்கப்பட்டது.

இவ்விடத்தே மொழிபெயர்ப்பாளர்க்கு ஓர் இடர் உண்டு. தங்கம் கடத்தல், குழந்தைக் கடத்தல், சுரண்டலுக்காக ஆள் கடத்தல், எல்லை தாண்டிப் புலம்பெயர்வோரைக் கடத்தல் அனைத்திற்கும் தமிழில் ஒரே சொல். இறுதி இரண்டினையும் ஐக்கிய நாடுகள் அவை 2000இல் தனித்தனி நெறிமுறைகளாகப் பிரித்தது. பணம் கொடுத்துத் தாமே எல்லை கடப்பவரும், ஏமாற்றப்பட்டுச் சூளையில் அடைபடுபவரும் சட்டத்தின் முன் வேறானவர். ‘சுரண்டலுக்காக’ என்னும் அடைமொழியை விடுதல் அவ்வேறுபாட்டையே அழித்துவிடும்.

2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு, சுரண்டலின் பட்டியலில் பிச்சையெடுக்க வைத்தலைப் புதிதாகச் சேர்த்துள்ளது. கட்டாய உழைப்பு 146ஆம் பிரிவில் தனித்தே நிற்கிறது. அதற்குரிய சிறை இன்றும் ஓராண்டு வரையே.