பொன்னியின் செல்வன்: இறுதித் திரைப்படமும் வாசகரின் மனக்குறையும்

ஒரு கதை எங்கே முடிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அதனை இயற்றியவனுக்கு மட்டுமே உரியதா என்னும் வினா இலக்கிய வரலாற்றிற் புதியதன்று. எனினும் 2023 ஏப்பிரல் 28ஆந் திகதி மணிரத்தினத்தின் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம் வெளிவந்தபோது இவ்வினா தமிழ் வாசகரிடையே முன்னொருபோதும் இல்லாத வேகத்துடன் எழுந்தது. 2022 செப்டெம்பர் 30இல் வெளிவந்த முதற்பாகத்தைப் பெரும்பாலானோர் உவகையுடன் வரவேற்றனர். பல ஆண்டுகளாக மனக்கண்ணில் மட்டும் கண்டுவந்த வந்தியத்தேவனும் குந்தவையும் திரையில் உலாவியதே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. இறுதிப்படத்தின் நிலை வேறு. நாவலை அறியாது சென்றோர் நிறைவோடு திரும்ப, நாவலை நெஞ்சில் வைத்திருந்தோரிற் பலர் எதையோ பறிகொடுத்தவர் போலத் திரும்பினர். அவர்களது முறையீட்டில் அடிக்கடி ஒலித்த சொல் ‘வரலாற்றை மாற்றிவிட்டார்கள்’ என்பதாகும். மாற்றப்பட்டது வரலாறா, கல்கியின் புனைவா என்பதைப் பிரித்தறிவது இங்கு அவசியமாகின்றது.

‘பொன்னியின் செல்வன்’ 1950 ஒக்டோபரிலிருந்து 1954 மே வரை, மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாகக் ‘கல்கி’ வார இதழில் மணியத்தின் ஓவியங்களுடன் வெளிவந்த தொடர்கதை. தொடர்கதையின் வாசகன் நூலின் வாசகனிலும் வேறானவன். அவன் வாரந்தோறும் காத்திருக்கிறான். காத்திருக்கும் இடைவெளியில் தானே கதையை வளர்க்கிறான். அடுத்த இதழ் வருமுன் அயலாரோடு வாதிடுகிறான். ஆகவே கதை முடியும்போது அது தன்னிடமிருந்து பிடுங்கப்பட்டதாகவே உணர்கிறான். 1954இலும் இதுவே நிகழ்ந்தது. கதை சட்டென்று நின்றுவிட்டதென்றும், பாத்திரங்களின் பிற்கால வாழ்வு சொல்லப்படவில்லையென்றும் வாசகர் குறைப்பட்டனர். கல்கி அவர்களுக்கு மறுமொழியாக ஒரு முடிவுரை எழுத வேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிசெம்பர் 5ஆந் திகதி அவர் காலமானார். வாசகரின் மனக்குறையோ அவருடன் மறையவில்லை. விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ போன்ற தொடர்ச்சி நாவல்கள் அக்குறையிலிருந்தே பிறந்தன. இறுதிப்படத்துக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே, மூலநூலின் முடிவே வாசகரிற் பலருக்கு உவப்பாக இருக்கவில்லை என்பதை மறந்துவிடலாகாது.

பிறர் தொடங்கிய நூலை முடித்துவைத்தல் தமிழ் மரபுக்கு ஒவ்வாததுமன்று. உமறுப்புலவரின் சீறாப்புராணம் நபிகள் நாயகத்தின் வாழ்வை முற்றாகக் கூறாது நின்றுவிட, எஞ்சியதைப் பனீ அகமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’ எனப் பாடி நிறைவுசெய்தார். சீறாவைப் பொருள் விரித்துப் படித்துக் கேட்ட கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் இதனை அத்துமீறலென்று எவரும் கொள்ளார்.

இலங்கை வாசகருக்கு இந்நாவலோடு இருந்த உறவும் குறிப்பிடத்தக்கது. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இதழ்களிலிருந்து கழற்றிச் சேர்த்துக் கட்டிய தொடர்கதைத் தொகுதிகளே இல்லங்கள்தோறும் கைமாறின. அத்தகைய வாசிப்பில் நாவல் வெறும் பொழுதுபோக்காக நிற்பதில்லை. அரிதாகக் கிடைத்த பண்டம் போற்றப்படும்; போற்றப்படுவது நாளடைவில் மாற்றவொண்ணாததாகிவிடும்.

கதையின் மையமுடிச்சு ஆதித்த கரிகாலனின் மரணம். இதுபற்றி வரலாறு சொல்வது மிகக் குறைவு. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலிலுள்ள, இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததெனக் கொள்ளப்படும் கல்வெட்டு, பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், பஞ்சவன் பிரமாதிராசனாகிய இரவிதாசன், இருமுடிச்சோழ பிரமாதிராசனாகிய பரமேசுவரன் என்போரைக் குறித்து, அவர்தம் சுற்றத்தாரின் நிலவுடைமை பறிக்கப்பட்டதைக் கூறுகின்றது. கொலை எங்கே நிகழ்ந்தது, எவ்வாறு நிகழ்ந்தது, எதற்காக நிகழ்ந்தது என்பவற்றுக்கு அக்கல்லில் விடையில்லை. கரிகாலனின் மரணம் 969ஆம் ஆண்டளவிலானது. நில நடவடிக்கையோ 987ஆம் ஆண்டளவிலானது. இடையில் உத்தம சோழன் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அரசாண்டான். இந்த நீண்ட மௌனத்தைக் கண்டே நீலகண்ட சாத்திரியார் உத்தம சோழன்மீது ஐயங்கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அவ்வையத்தை ஏற்க மறுத்தார். திருவாலங்காட்டுச் செப்பேடோ, குடிகள் வேண்டியும் அருள்மொழி தன் சிறிய தந்தை அரசை விரும்பும்வரை அதனை விரும்பவில்லை என்று மட்டும் கூறியமைகின்றது.

கல்கி இந்த மௌனத்தை உடைக்க முனையவில்லை. கடம்பூர் மாளிகையில் இருள் சூழ்கின்றது. இருள் விலகும்போது கரிகாலன் உயிரற்றுக் கிடக்கிறான். பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. மணிமேகலை தானே கொன்றதாகக் கூறுகிறாள். பெரிய பழுவேட்டரையர் குற்றத்தைத் தன்மேல் ஏற்கிறார். கொன்றவர் யாரென்பதில் வாசகர் இன்றுவரை ஒருமனப்படவில்லை. உடையார்குடிக் கல் எவ்வளவு சொல்லியதோ அதற்கு மேல் உறுதிபடச் சொல்லாமல் விட்டமை, கல்கியின் நாவலில் வரலாற்றுக்கு மிக அணுக்கமான பகுதி எனலாம். இவ்விடைவெளியே நாவலின் நீண்ட ஆயுளுக்கும் காரணமாயிற்று. ஒவ்வொரு தலைமுறையும் அவ்விருட்டறைக்குள் புகுந்து தனக்கென ஒரு கொலையாளியைக் கண்டுபிடித்துக்கொண்டு வெளிவந்தது.

இறுதிப்படம் அவ்விருளை விலக்கிற்று. கரிகாலனும் நந்தினியும் நேர்நேராக நிற்கும் காட்சியில், தன் மரணத்தைத் தானே விரும்பி ஏற்பவனாகக் கரிகாலன் காட்டப்பட்டான். படத்தின் மிகச் சிறந்த காட்சி இதுவேயென்பதைக் குறைகூறியோரிற் பலரும் ஒப்புக்கொண்டனர். ஆனால் வாசகர் இழந்தது ஒரு காட்சியையன்று, ஓர் ஐயத்தை. 1954இல் அவிழாத முடிச்சுக்களுக்கு விடை கேட்டு நின்றனர். 2023இல் விடை கொடுத்ததற்காகச் சினங்கொண்டனர். இதனை வாசகரின் முரண்பாடென்று எள்ளிவிடுதல் எளிது. எழுபது ஆண்டுகளில் அவ்வெற்றிடம் அவர்களது சொந்த நிலமாகிவிட்டது என்பதே உண்மை.

இரண்டாவது மாற்றம் இன்னும் வியப்புக்குரியது. நாவலில் மதுராந்தகனாக வளர்ந்தவன் உண்மையான மதுராந்தகன் அல்லன். பூக்கைங்கரியம் செய்யும் சேந்தன் அமுதனே கண்டராதித்தரின் மைந்தன். அருள்மொழி தன் முடியை அவனுக்கே சூட்டுகிறான். படம் இவ்வாள்மாறாட்டத்தை முற்றாக விட்டுவிட்டு மதுராந்தகனையே அரியணை ஏற்றிற்று. ‘வரலாறு திரிக்கப்பட்டது’ என்னும் முறையீடு மிகுதியும் எழுந்த இடங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் வரலாறு அறிந்த உத்தம சோழன் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மதுராந்தகன் ஒருவனே. ஆள்மாறாட்டம் கல்கியின் கற்பனை. இவ்வொரு செய்தியிலேனும் திரைப்படம் சாசனங்களுக்கு நெருங்கியும் நாவலுக்கு விலகியும் நின்றது. வாசகரோ நாவலையே சாசனமாகக் கொண்டனர். பாடநூல் தரத் தவறிய சோழர் வரலாற்றை மூன்று தலைமுறைத் தமிழர் ஒரு தொடர்கதையிலிருந்து கற்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இத்தவறான முறையீட்டுக்குள் நியாயமான மனக்குறையொன்றும் மறைந்திருந்தது. அது மணிமேகலையைப் பற்றியது. ‘தியாக சிகரம்’ எனப் பெயரிய ஐந்தாம் பாகம் முடிசூட்டு விழாவோடு முடிவதன்று. ‘மலர் உதிர்ந்தது’ என்னும் இறுதி அத்தியாயம், தன் அன்புக்கு எதிரன்பு பெறாத கடம்பூர் இளவரசி வந்தியத்தேவனின் மடியில் உயிர்விடுவதோடு முடிகின்றது. அரசைத் துறந்தவனின் தியாகத்தைப் பாடிய நூல், இழப்பதற்கு அரசேதுமில்லாத ஒரு பெண்ணின் மரணத்தில் அடங்குகின்றது. படத்தில் அவள் இல்லை. அவள் விடப்பட்ட இடத்தில், நாவலில் இல்லாத இராட்டிரகூடப் போரொன்று வந்து சேர்ந்தது. ஐந்து பாகங்களை இரு படங்களில் அடக்குவோர் பலரை விட்டுத்தான் ஆகவேண்டும். ஆயினும் முடிவின் பொருளையே தாங்கி நின்ற பாத்திரத்தை விட்டு யானைகளையும் குதிரைகளையும் நிரப்பியது சிக்கனமன்று.

மேல்நாட்டிலும் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஆனால் அது எதிர்த்திசையிலானது. ரோல்கீனின் ‘ஹொபிற்’ 1937இல் வெளிவந்த சிறுவர்க்கான சிறு நூல். பீற்றர் ஜாக்சன் அதனை, தான் முன்னர் எடுத்த ‘மோதிரங்களின் தலைவன்’ படங்களுக்கு முற்கதையாக்கி மூன்று படங்களாக நீட்டினார். முதலில் இரண்டென அறிவிக்கப்பட்டது 2012இல் மூன்றாயிற்று. 2014 டிசெம்பரில் வெளிவந்த இறுதிப்படமாகிய ‘ஐந்து படைகளின் போர்’ இரசிகரை இரு பிரிவினராக்கிற்று. நூலில் அப்போரின் பெரும்பகுதி நிகழும்போது கதைத்தலைவன் பில்போ கல்லடிபட்டு மயங்கிக் கிடக்கிறான். போரின் எஞ்சிய செய்தி பின்னர் சுருக்கமாகவே சொல்லப்படுகின்றது. படமோ அப்போரையே தன் உடம்பாகக் கொண்டது. நூலில் இல்லாத தோரியல் என்னும் பெண்ணுக்கு ஒரு காதலும் துயரும் அளித்தது. அங்கே நீட்டியது குற்றமாயிற்று, இங்கே சுருக்கியது குற்றமாயிற்று. இரண்டிலும் இறுதியில் வந்து நின்றது போர்க்களமே. ரோல்கீன் தாமே 1951ஆம் ஆண்டுப் பதிப்பில், பின்னெழுதிய பெருங்கதைக்குப் பொருந்துமாறு ‘ஹொபிற்’ நூலின் ஓர் அத்தியாயத்தைத் திருத்தியெழுதினார் என்பதை அந்நூலின் காவலர் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை.

கதையை மாற்றுவதே பிழையெனின், வான்மீகியை மாற்றிய கம்பன் முதற் குற்றவாளியாவான். 1960களில் பேராதனையிலே வித்தியானந்தன் மேடையேற்றிய ‘இராவணேசன்’ இராவணனை அவல நாயகனாக்கிற்று; பார்த்தோர் அதனைத் திரிபென்னாது போற்றினர். கூத்தின் களரியைச் சூழ்ந்திருப்போர் இராமகதைக்குப் பல வடிவங்கள் உண்டென அறிவர். அச்சேறிய நாவலுக்கோ ஒரே ஆசிரியர், ஒரே பாடம். 1958இல் எம்.ஜி. இராமச்சந்திரன் இந்நாவலைப் படமாக்கப்போவதாக அறிவித்து நிறைவேற்ற இயலாது போனதும், பின்வந்த முயற்சிகள் நழுவியதும் அவ்வொரே பாடத்துக்குப் போட்டியில்லாமற் செய்தன. எழுபது ஆண்டுகளில் நான்கைந்து படங்கள் வந்திருப்பின் 2023ஆம் ஆண்டுப் படம் அவற்றுள் ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கும். மேடையில் அந்நிலை தோன்றத்தான் செய்தது. 1999இல் சென்னையில் ‘மெஜிக் லான்ரேர்ன்’ குழுவினர் நடித்த நாடகத்துக்கு வடிவமமைத்த குமரவேலே பின்னர் மணிரத்தினத்தின் திரைக்கதையிலும் பங்குகொண்டார். எனினும் ஒரு நாடகத்தைக் கண்டோர் தொகை எத்துணை?

இலங்கை வாசகர் மட்டும் கேட்கக்கூடிய வேறொரு கேள்வியும் உண்டு. நாவலும் படமும் அருள்மொழி முடியைத் துறக்கும் கணத்தில் நிற்கின்றன. அவன் இராசராசனாக முடிசூடிய பின் நிகழ்ந்தவற்றுக்குச் செல்வதில்லை. நாவலின் அருள்மொழி அநுராதபுரத்தில் விகாரைகளைப் பழுதுபார்ப்பவன். பிக்குகள் அளிக்கும் அரியணையையும் வேண்டாமென்பவன். 993ஆம் ஆண்டளவில் அதே இராசராசனின் படை இலங்கையின் வடபகுதியைக் கைப்பற்றியது. 1017இல் அவன் மகன் இராசேந்திரனின் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைகொண்டு சென்றது. அப்படையெடுப்பில் விகாரைகள் சூறையாடப்பட்டதாகச் சூளவம்சம் துயருடன் கூறுகின்றது. இம்முடிவை எந்த இரசிகரும் படத்தில் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. விடுபட்டதெனக் குறைப்பட்டதாகவும் தெரியவில்லை. தியாகத்தில் முடியும் கதைக்கு வெற்றி இடையூறாகும் போலும்.

ஆயினும் சூளவம்சமும் முழுக்கதையன்று. சாகாமத்திலிருந்தோ கல்முனையிலிருந்தோ கரைவழியே வடக்கு நோக்கிச் சென்று திருகோணமலையை அடையும் ஒருவர், பெரியகுளத்தருகே வெல்காமத்துப் பௌத்தப் பள்ளியின் இடிபாடுகளைக் காணலாம். சோழராட்சியில் அதற்கு வழங்கிய பெயர் இராசராசப் பெரும்பள்ளி. விளக்கெரிக்கவும் பசுக்களைப் பேணவும் தமிழர் அளித்த கொடைகளைப் பதினோராம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்துக்கள் அங்குக் கல்லில் குறித்துள்ளன. கொடுத்தவரின் பெயரும் கொடையின் அளவும் அங்குண்டு. கொடுத்தற்கான காரணம் இல்லை.