விலை போகாத மரங்கள்

1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் பாட் நாணயத்தின் நிலையான மாற்று விகிதத்தைக் கைவிட்டதையும், ஆண்டு முடிவதற்குள் தென் கொரியா சர்வதேச நிதியத்தின் வாசலில் போய் நின்றதையும் சென்ற வாரம் பார்த்தோம். அந்த நிதி நெருக்கடியில் அடிபட்ட நாடுகளைப் பட்டியல் போடுகிறவர்கள் இந்தோனேசியா, மலேசியாவோடு நிறுத்திக்கொள்வார்கள். பசிபிக் கடலில் இருக்கும் சாலமன் தீவுகள் யார் நினைவுக்கும் வராது.

அங்கே அப்போது சுமார் 4 லட்சம் மக்கள். பங்குச் சந்தை கிடையாது. பெரும்பாலோர் கிராமத்தார், தோட்டத்துச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கடல் மீனும்தான் சாப்பாடு. அப்படிப்பட்ட நாட்டை எங்கோ நடந்த வங்கிச் சரிவு என்ன செய்துவிடும்?

ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய பாதி காட்டு மரம். வெட்டியவை பெரும்பாலும் மலேசிய நிறுவனங்கள். வாங்கியவை ஜப்பானும் கொரியாவும். பலகையாகக்கூட அறுக்காமல் முழுத் தடியாகவே கப்பலேற்றினார்கள். 1997 ஏப்ரலில் ஜப்பான் நுகர்வு வரியை 3 சதவீதத்திலிருந்து 5 ஆக்கியதும் அங்கே வீடு கட்டுவது குறைந்தது. ஆண்டுக் கடைசியில் கொரியாவின் வான் நாணயம் சரிந்தது. வெளிநாட்டு மரம் அங்குள்ள ஆலைகளுக்குக் கட்டுபடியாகவில்லை. தடி விலை விழுந்தது. மரத்தின் மீதான ஏற்றுமதி வரியை நம்பியிருந்த தலைநகர் ஹோனியாராவின் கஜானாவும் அதோடு படுத்தது.

பழியை முழுக்க பாங்காக்கின் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. விலை கொழித்த காலத்தில் அப்போதைய பிரதமர் மாமலோனியின் அரசு மரக் கம்பெனிகளுக்கு வரிச் சலுகையை வாரி வழங்கியது. காடு தாங்கக்கூடியதைப் போல இரு மடங்குக்கும் மேல் வெட்டவிட்டது. அப்படியும் சேமிப்பு எதுவுமில்லை, கடன் பாக்கிதான் மிச்சம்.

1997 ஆகஸ்டில் பிரதமரானவர் பார்த்தலோமியூ உலுஃபாலு, முன்னாள் தொழிற்சங்கத் தலைவர். டிசம்பரில் நாணய மதிப்பை 20 சதவீதம் குறைத்தார். இறக்குமதி அரிசியும் மண்ணெண்ணெயும் விலையேறின. அரசு ஊழியர்களைக் குறைக்கும் வேலையும், வேடிக்கைதான், அந்தத் தொழிற்சங்கக்காரர் தலையில் விழுந்தது.

1998 கடைசியில் தலைநகர் இருக்கும் குவாடல்கனால் தீவில் கலவரம் மூண்டது. நிலத்துக்காகவும், மலைட்டா தீவிலிருந்து வந்து குடியேறியவர்கள் மீதும் நெடுநாளாகப் புகைந்த பகை அது. பாட் நாணயம் மூட்டியதல்ல. ஆனால் இழப்பீடு கொடுத்துச் சமாதானம் பேசும் அந்த ஊர் வழக்கத்துக்குப் பணம் வேண்டும், கஜானாவோ வறண்டு கிடந்தது. 2000 ஜூனில் ஆயுதக் குழு உலுஃபாலுவைச் சிறைபிடித்துப் பதவி விலக வைத்தது. பின்னால் வந்த அரசு இழப்பீட்டுக்காகத் தைவானிடம் 2.5 கோடி அமெரிக்க டாலர் கடன் வாங்கியது.

(தொடரும்)