கோடரியின் வரலாறும் நமது கடமையும்

ஒரு நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் மன்னர்களையும் உடன்படிக்கைகளையும் பற்றி எழுதுகின்றனரேயன்றி, அந்நாட்டின் காட்டைத் திருத்திக் கழனியாக்கிய கருவிகளைப் பற்றி எழுதுவதில்லை. புக்கிட் தெங்காவைச் சூழ்ந்த செபராங் பிறை நிலம் ஒரு காலத்தில் பெரும்பாலும் காடும் சதுப்புமாகவே கிடந்தது. அதனை மக்கள் வாழும் ஊராக மாற்றியவை கோடரியும் ரம்பமுமே. ஆகையால் எந்தக் கோடரி நம்பத்தக்கது, எந்த ரம்பம் நம்பத்தக்கது என்னும் கேள்வி கடைத்தெருவோடு முடிவதன்று. அது சரித்திரத்தோடும், நம்மவர் மானத்தோடும் தொடர்புடைய கேள்வியாகும்.

இக்கேள்வி மிகப் பழமையானது. செபராங் பிறையின் வடபகுதியிலுள்ள குவார் கெப்பாவில் சிப்பி மேடுகளைத் தோண்டியபோது கற்கோடரிகள் கிடைத்தன. அவ்விடத்தில் 2017-இல் வெளிப்பட்ட பெண்ணொருத்தியின் எலும்புக்கூடு ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டதென ஆய்வாளர் கணித்தனர். இன்னும் வடக்கே, கெடாவின் சுங்கை பத்துவில், பழங்காலத்தார் இரும்பு உருக்கிய உலைகளின் சிதைவுகளை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து கண்டனர். ஆதலின் இந்நிலத்திற்கு இரும்பை அறிமுகப்படுத்தியவர் வெள்ளையர் என்பது ஆதாரமற்ற பேச்சு.

1786-ஆம் ஆண்டு ஜூலை 17-இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கரையிறங்கினார். காட்டை விரைவில் வெட்டுவிப்பதற்காக அவர் பீரங்கியில் வெள்ளிக்காசுகளை இட்டுப் புதருக்குள் சுடச் செய்தார் என்னும் கதையை நம் சிறுவர்களும் அறிவர். கதை மெய்யோ பொய்யோ, அதனினும் பயனுள்ள செய்தி ஒன்றை லைட் தமது குறிப்பிலேயே எழுதி வைத்தார். மரங்கள் அத்துணைக் கடினமாயிருந்தமையால் தம் ஆட்களின் கோடரிகளும் கத்திகளும் ஈயம்போல் மடங்கின என்பதே அச்செய்தி. காசு எவ்வளவு வீசினாலென்ன? மரத்தை வீழ்த்துவது காசன்று, வாயின் கூர்மையே!

அதே கடின மரங்களை மலாய்க்காரர் ‘பெலியோங்’ என்னும் சிறு கருவியால் வெட்டினர். அதன் இரும்பு குறுகியது. பிரம்பினால் இறுகக் கட்டப்பட்டது. காம்போ மெலிந்து வளைந்து கொடுப்பது. பெருமரத்தின் அடியில் பலகைபோல் விரிந்த வேர்களுக்கு மேலே பரண் கட்டி, அதன்மீது நின்று அவர்கள் வெட்டினர். பார்வைக்கு விளையாட்டுப் பொருள் போன்ற அக்கருவி, கனத்த கோடரி தடுமாறிய இடத்தில் வேலையை முடித்தது. கருவியின் மதிப்பு அதன் எடையிலும் விலையிலும் இல்லை. மரத்திற்கும் கைக்கும் அது பொருந்துவதிலேயே உள்ளது.

1800-இல் கெடா சுல்தானிடமிருந்து இக்கரையைக் கம்பெனியார் பெற்றபின், கரும்புத் தோட்டங்கள் பரவின. நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுவரப்பட்டனர். அம்முறை 1910-இல் ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. அக்காலத் துரைமார் காடழிக்கும் வேலையைப் பெரும்பாலும் மலாய்க்காரருக்கும் ஜாவானியருக்கும் சீனருக்கும் குத்தகையாக விட்டனர். தமிழனுக்குக் கிடைத்தவை களையெடுப்பு, வடிகால் வெட்டுதல் போன்ற வேலைகளே. காலப்போக்கில், “தமிழனுக்குக் கோடரி பிடிக்க வராது” என்னும் பேச்சும் கிளம்பிற்று. நம்மவரிலேயே பலர் அதனை நம்பினர். பிறப்பினால் ஒருவனுக்குத் தொழில் குறிக்கும் வருணாசிரமமே, தோட்டத்தில் தொப்பி அணிந்து வந்தது என்றால் மிகையாகாது.

இப்பேச்சின் பொய்ம்மையைச் சேலத்து இரும்பே காட்டும். களிமண் உலையில், ஆட்டுத்தோல் துருத்தி ஊதி, நம் நாட்டுத் தொழிலாளர் உருக்கிய இரும்பின் சிறப்பைக் கண்டவர் கம்பெனி ஊழியராயிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத். அவர் 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். பின்னர் இங்கிலாந்து சென்று, உருக்கில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். அதனால் ஷெபீல்டு நகரத்து உருக்குத் தொழில் பெரும் பயனடைந்தது. அந்நகர முத்திரை பொறித்த கருவிகளைக் கண்டு வியந்த நாம், நம் சொந்தக் கொல்லனைத் தாழ்ந்தவன் என ஒதுக்கினோம். இது அறிவுடைமையா?

இனி, நல்ல கருவியை அறிவதெப்படி? கோடரியின் வாயில் அரத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். அரம் வெண்ணெயில்போல் இறங்கினால் இரும்பு மென்மையானது, வாய் மடங்கும். சிறிதும் பற்றாமல் வழுக்கினால் மிகக் கடினமானது, வாய் சிதறும். சற்றே முயன்று பற்றுவதே நல்லது. கடின மரத்திற்கு வாய் மிக மெலிந்திருத்தல் ஆகாது. காம்பின் நார் நுனிமுதல் அடிவரை நேராக ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் ஓங்கும்போதே முறிந்து, தலை கழன்று அருகிலிருப்பவன்மேல் விழும். ரம்பத்தில் பற்களே முக்கியம். மரத்தைக் குறுக்கே அறுக்கப் பல் கத்திபோலவும், நெடுக அறுக்க உளிபோலவும் இருத்தல் வேண்டும். பற்கள் இருபுறமும் மாறிமாறிச் சாய்ந்திருந்தாலன்றித் தகடு மரத்தில் இறுகிக்கொள்ளும். ஈர மரத்திற்கு அச்சாய்வு சற்று மிகுதியாதல் நலம்.

இவற்றை அறிய மந்திரமும் வேண்டா, பெருஞ்செல்வமும் வேண்டா. ஓர் அரமும் இரண்டு கண்களும் போதும். ஆயினும் நாம் செய்வதென்ன? ஆண்டுக்கொருமுறை ஆயுத பூசையன்று கோடரிக்குச் சந்தனமும் குங்குமமும் அப்பி விழுந்து கும்பிடுகிறோம். மறுநாள் அதன் காம்பு வெடித்திருப்பதைக் காணாமலே வேலைக்கு எடுத்துச் செல்லுகிறோம். காம்பு முறிந்து காயம்பட்டால் தலைவிதி என்கிறோம்! கணக்குப் புத்தகத்தில் கருவியின் விலையை எழுதும் எம்போன்ற கிராணிமாரும் மலிவை நோக்குகின்றனரேயன்றி, அதனைப் பிடிப்பவன் கையைக் கேட்பதில்லை.

தோழர்களே! தோட்டத்திலாயினும், நகரத்து மரக்கடையிலாயினும், கருவி வாங்குமுன் அதனைப் பிடித்து உழைப்பவனைக் கேட்கும் வழக்கம் உண்டாதல் வேண்டும். பழுதுள்ள கருவியை ஏற்க மறுப்பது அடங்காமையன்று, அறிவு. தன் கோடரியைத் தானே ஆராய்ந்து தேர்ந்தெடுக்கும் தொழிலாளியை, இதுவே உன் பிறவித் தொழில் என்று எவனும் ஏய்த்தல் இயலாது.