துயரின் வழிப் பிறந்த அச்சம்: 'பிராங்கென்ஸ்ரைன்' நாவலின் தோற்றம்

ஆங்கில நாவல் வரலாற்றில் அச்சச் சுவையை முதன்மையாகக் கொண்ட ஒரு மரபு பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாயிற்று. பாழடைந்த கோட்டை, இரகசிய வழி, நள்ளிரவில் உலாவும் ஆவி என்பன அம்மரபின் வழக்கமான உறுப்புக்கள். அவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கி, இழப்பின் துயரையே அச்சத்தின் ஊற்றாகக் கொண்ட நாவல் 'பிராங்கென்ஸ்ரைன்' ஆகும். அது 1818 ஜனவரி முதலாந் திகதி ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அதனை எழுதிய மேரி ஷெல்லிக்கு அப்போது வயது இருபது.

நாவல் தோன்றிய சூழல் பலரும் அறிந்ததே. 1815 ஏப்ரலில் இந்தோனேசியத் தீவொன்றில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவாக அடுத்த ஆண்டு ஐரோப்பா கோடையின்றிக் குளிரிலும் மழையிலும் வாடியது. 1816 யூனில் ஜெனீவா ஏரிக்கரையிலே தங்கியிருந்த பைரன் பிரபு, கவிஞர் ஷெல்லி, மேரி, மருத்துவர் பொலிடோரி முதலியோர் மழையால் வீட்டினுள் அடைபட்டனர். ஜெர்மனியப் பேய்க்கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பொன்றைப் படித்துப் பொழுது போக்கிய அவர்களை, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுமாறு பைரன் தூண்டினார். மேரியின் நாவல் அத்தூண்டுதலின் பயனாகும்.

இவ்வரலாற்றை மேரியே 1831ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையிற் கூறியுள்ளார். சாவும் துயரும் தமக்கு வெறுஞ் சொற்களாக மட்டுமே இருந்த இன்ப நாட்களிற் பிறந்தது அந்நூல் என்பதும் அம்முன்னுரையிற் காணப்படும் கூற்று. ஆயின் இக்கூற்றை அவ்வாறே ஏற்றல் இயலுமா?

மேரி பிறந்த பதினொரு நாட்களில், 1797 செப்டெம்பரில், அவர் தாயார் மேரி வுல்ஸ்ரன்கிராப்ட் மகப்பேற்றுக் காய்ச்சலால் இறந்தார். 1815 பெப்ரவரியில் மேரிக்குக் குறைமாதத்திற் பிறந்த பெண் குழந்தை இரண்டு வாரமும் நிறையாமல் மாண்டது. சில நாட்களின் பின், அக்குழந்தை உண்மையில் இறக்கவில்லை, குளிரால் விறைத்தே கிடந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்க்க உயிர்த்தெழுந்தது எனத் தாம் கனவு கண்டதை மேரி நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். விழித்தபோது குழந்தை இல்லை. ஜெனீவாக் கோடைக்கு ஓராண்டுக்குச் சற்று முற்பட்டது இப்பதிவு.

நாவலின் கதையமைப்பும் இதனோடு ஒத்துச் செல்கின்றது. விக்ரர் பிராங்கென்ஸ்ரைன் பல்கலைக்கழகம் புகுமுன் அவன் தாய் நோயால் இறக்கின்றாள். அதன் பின்னரே அவன் உயிரின் மூலத்தை ஆராயத் தலைப்படுகின்றான். உயிரற்ற பொருளுக்கு உயிரளிக்கும் ஆற்றல் கைவந்தால், காலப்போக்கில் இறந்தோரையும் மீட்கலாம் என்பது அவன் எண்ணம். பிணங்களின் உறுப்புக்களாலாய உருவம் கண் திறந்த அவ்விரவிலே அவன் ஒரு கனவு காண்கின்றான். அவன் தழுவிய காதலி, கைகளுக்குள்ளேயே இறந்த தாயின் உடலாக மாறுகின்றாள். பழைய பேய்க்கதைகளில் இறந்தோர் உயிரோடிருப்போரைத் தேடி வருவர். இங்கோ உயிரோடிருப்பவன் இறந்தோரைத் தேடிச் செல்கின்றான். மேரி அவ்வகைக் கதைக்கு அளித்த புதுமை இதுவே எனலாம்.

நாவலை எழுதிய காலமும் இழப்பற்றதன்று. 1816 ஒக்டோபரில் மேரியின் தமக்கை பனி தற்கொலை செய்துகொண்டார். டிசெம்பரில் ஷெல்லியின் முதல் மனைவி ஹரியற்றின் உடல் இலண்டன் பூங்காவொன்றின் நீர்நிலையிற் கண்டெடுக்கப்பட்டது. கதையில் அரக்கவுருவின் கையால் முதலில் மடியும் சிறுவன் வில்லியம். அதுவே அப்போது மேரியின் மடியில் வளர்ந்த மகனின் பெயருமாகும். அம்மகன் 1819இல் மூன்று வயதில் உரோம் நகரில் இறந்தான். அதற்கு முந்திய ஆண்டிற் பெண் குழந்தை கிளாரா வெனிசில் இறந்திருந்தாள். 1822இல் ஷெல்லி கடலில் மூழ்கி மாண்டார்.

இவ்விழப்புக்கள் யாவற்றுக்கும் பின்னரே 1831ஆம் ஆண்டு முன்னுரை எழுதப்பட்டது. கணவனோடு நடந்து பேசிய நாட்களை அங்கே அவர் நினைவுகூர்கின்றார். பின்வந்த பெருந்துயரின் முன் முற்பட்ட துயர் இன்பமாகத் தோன்றியிருத்தல் கூடும். எனவே முன்னுரையைப் பொய்யென்று தள்ளவேண்டியதில்லை. எழுதப்பட்ட காலத்தோடு பொருத்திப் படித்தலே தகும்.

நாவலின் இறுதியிற் பனிக்கடலிலே விக்ரர் இறந்து கிடக்க, அவனாற் படைக்கப்பட்ட அவ்வுருவமே அவனுடலருகே நின்று அழுகின்றது. அச்சந்தர வந்தது துயருறும் உயிராகின்றது. இரு நூற்றாண்டுகள் கடந்தும் அந்நூல் வாசகரை விட்டகலாமைக்கு இதுவே காரணம் எனலாம்.