ஒரு தோட்டா, ஏழு தோட்டா

சென்ற மாதப் பதிவில் துப்பாக்கி உரிமக் கோப்புகளைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்த திண்டிவனம் நண்பர் ஒருவர் போனில் கூப்பிட்டு, "சார், தானியங்கிப் பிஸ்டலுக்கு என்று செய்த தோட்டாவை, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடுகிற நீளக் குழல் துப்பாக்கியில் போட்டுச் சுட முடியுமா?" என்று கேட்டார். ஏதோ வெளிநாட்டுப் படத்தில் பார்த்தாராம். போனில் ஒரு வார்த்தையில் முடிக்கிற விஷயமில்லை இது. பதில் தேடினால் நம்ம புதுச்சேரி எல்லையும் மணியாச்சி ஜங்ஷனும் வந்துவிடும். அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

தென்னாற்காடு மாவட்டம் ஒன்றாக இருந்த காலத்தில் கடலூர் கலெக்டர் ஆபீசில் சில வருஷம் ஆயுத உரிமக் கோப்புகளைப் பார்த்தவன் நான். பிரம்மதேசம், மரக்காணம் பக்கத்து விவசாயிகள் மனுப் போட்டால் பெரும்பாலும் 'எஸ்.பி.எம்.எல்.' என்றுதான் இருக்கும். குழல் ஒன்று, மருந்தை வாய்ப்பக்கம் கொட்டிக் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. காட்டுப் பன்றி கடலைக் கொல்லையை அழிக்கிறது, உரிமம் வேண்டும் என்பார்கள். மருந்தை அளந்து கொட்ட வேண்டும், நார் திணிக்க வேண்டும், ரவை போட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். ஒரு முறை சுட்டால், அடுத்த முறைக்கு எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் பன்றி பக்கத்து ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும்.

லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1878இல் வந்த ஆயுதச் சட்டம், இந்தியர் உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. உரிமம் கிடைத்த குடியானவன் கையிலும் இந்த ஒற்றை வெடிதான். ஒரு தடவை சுட்டுவிட்டு நிற்கிறவனால் சர்க்காருக்குப் பெரிய ஆபத்தில்லை.

அந்தக் கணக்கை மாற்றியவர் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊரில் 1855இல் பிறந்த ஜான் மோசஸ் பிரௌனிங். துப்பாக்கிப் பட்டறைக்காரரின் மகன். பெல்ஜியத்தில் எர்ஸ்டால் ஊரிலுள்ள எஃப்.என். ஆலைக்காக அவர் அமைத்த கைத்துப்பாக்கி 1900 மாடல் என்று பெயர் பெற்றது. குழல் சுமார் 4 அங்குலம். சட்டைப் பைக்குள் அடங்கும். பிடிக்குள் 7 தோட்டா வரிசையாக நிற்கும். சுட்ட தோட்டாவின் உதைப்பே மேல்பாகத்தைப் பின்னுக்குத் தள்ளி, காலி உறையை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிடும். சுடுகிறவர் விசையை மறுபடி அழுத்தினால் போதும்.

அதற்கென்றே அவர் அமைத்த தோட்டாதான் 7.65 மி.மீ. பிரௌனிங். அமெரிக்காவில் இதையே .32 ஏ.சி.பி. என்பார்கள். குண்டின் எடை 5 கிராம்கூட இல்லை. வேகம் ஒலியின் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவு. கிட்டத்தில் நிற்கிற மனிதருக்கு அதுவே எமன்.

இந்தச் சிறு தோட்டா எங்கெல்லாம் போயிற்று பாருங்கள். 1904இல் ஹெல்சிங்கியில் ருஷ்ய கவர்னர் ஜெனரல் பாப்ரிகோவைப் பின்லாந்துக்காரர் யூஜன் ஷௌமன் சுட்டார். 1909 அக்டோபரில் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இட்டோ ஹிரோபுமியைக் கொரியாவின் ஆன் ஜுங்கூன் சுட்டார். இருவர் கையிலும் இருந்தது இந்த 1900 மாடல் பிரௌனிங். அதே வருஷம் டிசம்பர் 21ஆம் தேதி நாசிக் கலெக்டர் ஜாக்சன் நாடகக் கொட்டகையில் சுடப்பட்டார். லண்டன் இந்தியா ஹவுஸில் சமையல் வேலை பார்த்த சதுர்புஜ் அமீன், பெட்டியின் கள்ள அடித்தட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்த 20 பிரௌனிங் துப்பாக்கிகளில் ஒன்றுதான் நாசிக்கில் வெடித்தது. அனுப்பியவர் சாவர்க்கர்.

அதே இந்தியா ஹவுஸில் இருந்தவர்தான் நம்ம வ.வே.சு. ஐயர். பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பாரதியார் 1908 முதலே அங்கே இருந்தார். அரவிந்தரும் 1910 ஏப்ரலில் வந்துவிட்டார். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இலேயே ரயில் போட்டாயிற்று. விழுப்புரத்தில் வண்டி மாறிப் போகிறவர், வருகிறவர் முகங்களையெல்லாம் துப்பறியும் போலீஸ் கவனித்துக்கொண்டிருந்த காலம் அது. நம்ம பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம்தான், ஆனால் அது பிரெஞ்சு மண். 1878ஆம் வருஷச் சட்டம் அந்த எல்லையோடு நின்றுவிடும்.

செங்கோட்டை வாஞ்சிநாதன் திருவிதாங்கூர் காட்டிலாகாவில், புனலூரில் வேலை பார்த்தவர். அவர் புதுச்சேரிக்கு வந்து ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. ஊருக்கு வெளியே கரடிக்குப்பத்தில் குறி பார்த்துப் பழகினார்கள் என்பார்கள்.

1911 ஜூன் 17, காலை பத்தரை மணியைத் தாண்டிய நேரம். திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் தம் மனைவியுடன் கொடைக்கானலுக்குப் போகிற வழியில், மணியாச்சி ஜங்ஷனில் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். வாஞ்சி பெட்டிக்குள் ஏறிக் கைக்கெட்டும் தூரத்திலிருந்து சுட்டார். பிறகு பிளாட்பாரத்தில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து, தன் வாயில் வைத்துத் தானே சுட்டுக்கொண்டார். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கி.

இங்கேதான் நண்பரின் கேள்வி வரலாற்றோடு சேர்கிறது. வாஞ்சியின் கையில் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி இருந்திருந்தால்? ஆஷைச் சுட்டிருக்கலாம். தமக்கென்று ஒன்று மிஞ்சியிருக்காது. உயிரோடு பிடிபட்டிருப்பார். விசாரணையில் என்ன சொல்லியிருப்பார், யார் யார் பெயர் வந்திருக்கும், புதுச்சேரியில் இருந்தவர்கள் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அவர் இறந்துபோனதால் பேசியது சட்டைப் பையில் இருந்த கடிதம் மட்டும். ஆஷ் கொலை வழக்கில் 14 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 வருஷம் தண்டனை. இரண்டாவது தோட்டா இருந்ததால் ஒரு வழக்கே வேறு மாதிரிப் போயிற்று என்பது என் எண்ணம்.

வாஞ்சியின் துணிச்சலைப் பாடுகிறவர்கள் உண்டு. அந்தக் கடிதத்தில் இருக்கிற சாதி, மத வெறுப்பைச் சுட்டிக் காட்டுகிறவர்களும் உண்டு. இரண்டையும் படித்துவிட்டுத்தான் பேச வேண்டும். கண் முன்னே கணவனைப் பறிகொடுத்த அந்த அம்மாளையும், கொடைக்கானலில் அப்பா அம்மா வருவார்கள் என்று காத்திருந்த பிள்ளைகளையும் மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

இனி நண்பருக்கு நேர்ப் பதில். சுடலாம், குழலும் அறையும் அந்தத் தோட்டாவுக்கென்றே அமைந்திருந்தால். 1942இல் அமெரிக்கா 'லிபரேட்டர்' என்று ஒரு மலிவுக் கைத்துப்பாக்கியைச் சுமார் 10 லட்சம் செய்தது. எதிரி பிடித்த நாடுகளில் இருக்கிற எதிர்ப்புக்காரர்களுக்குக் கொடுக்க என்று திட்டம். அதில் போட்டது .45 ஏ.சி.பி., அதுவும் பிரௌனிங் அமைத்த தானியங்கித் தோட்டாவே. ஆனால் ஒரு தடவைக்கு ஒன்றுதான். சுட்ட உறையைக் குச்சியால் குத்தித் தள்ள வேண்டும். அதன் குழல் குட்டை. நண்பர் படத்தில் பார்த்தது 1967இல் வந்த 'கன்டெண்டர்' வகையாக இருக்கலாம். நடுவில் மடக்கித் திறந்து ஒரு தோட்டா போடுவது. குழலை மாற்றினால் வேறு வேறு தோட்டா போடலாம். 10 அங்குலம், 14 அங்குலம் என்று நீளக் குழல்கள் உண்டு.

நீளக் குழலால் லாபம் என்ன? தானியங்கித் தோட்டாவின் மருந்து குட்டைக் குழலுக்கு ஏற்றபடி சட்டென்று எரிந்துவிடும். குழல் நீண்டால் வாயு இன்னும் கொஞ்ச தூரம் தள்ளும், வேகம் ஓரளவு கூடும். அதற்கு மேல் உராய்வுதான் மிச்சம். நாலு மடங்கு குழல் வைத்தால் நாலு மடங்கு வேகம் வராது. வாயில் தீயும் சத்தமும் குறையும். பார்வைக் குறிகள் இரண்டும் தள்ளி நிற்பதால் குறி நன்றாக அமையும். உறையும் தானாகத் தெறித்து விழாது.

உறையிலும் ஒரு நுட்பம் உண்டு. ரிவால்வர் தோட்டாவுக்கு அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். அந்த விளிம்பு அறை வாயில் தட்டி நிற்கும், எடுப்பதும் சுலபம். தானியங்கித் தோட்டாவுக்கு விளிம்புக்குப் பதில் பள்ளம், அல்லது பேருக்குக் கொஞ்சம் விளிம்பு. கோப்பில் '.32' என்று மொட்டையாக எழுதி வருகிறவர்களிடம் "ரிவால்வரா, பிஸ்டலா?" என்று நாங்கள் கேட்டது இதற்காகத்தான். எண் ஒன்று, தோட்டா இரண்டு. ஒன்றுக்கு இன்னொன்று ஆகாது.

1959ஆம் வருஷச் சட்டம் வந்த பிறகும் அளவில்தான் சர்க்காரின் கண். பட்டாளமும் போலீசும் வைத்திருக்கிற 9 மி.மீ., .303 எல்லாம் பொதுமக்களுக்குத் தடை. பட்டாளத்துத் தோட்டா வெளியே கசிந்தாலும் போட்டுச் சுடத் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பது கணக்கு. 7.65 தடையில்லாத பட்டியலில் இருக்கிறது. மணியாச்சியில் வெடித்த பிரௌனிங் துப்பாக்கியின் வம்சத்துக்கே இன்றைக்குச் சுதந்திர இந்தியாவின் சர்க்கார் உரிமம் தருகிறது.

குடியானவனுக்கு ஒரு தோட்டா போதும் என்று ஒரு சாம்ராஜ்யம் நினைத்தது. ஏழு தோட்டா எல்லை தாண்டி வந்தது. சுதந்திரத்தை அந்த ஏழு தோட்டா வாங்கித் தரவில்லை. அதை வாங்கித் தந்தது வெறுங்கையோடு போன லட்சக்கணக்கான ஜனங்கள், 1930இல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளப் போனவர்களைப் போல. ஆனாலும் ஏழு தோட்டாவைத் தேடிப் போக ஒரு தலைமுறையை எது துரத்தியது என்பதைப் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி உரிமப் புத்தகம் கிடந்தால், எந்த வருஷம், என்ன வகை என்று எழுதுங்கள். அடுத்த பதிவில் சேர்த்துக்கொள்கிறேன்.