மேகத்துக்குள் சென்ற விமானி

ஆவர்த்தன அட்டவணையில் 99 ஆம் மூலகம் ஐன்ஸ்டைனியம். 100 ஆம் மூலகம் பெர்மியம். இது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. ஆனால் இவ்விரு மூலகங்களும் ஒரு ஐதரசன் குண்டின் நெருப்பில் பிறந்தவை என்பதை அறிந்தோர் சிலரே. அவற்றைத் தேடிச் சென்ற பயணத்தில் உயிரிழந்த விமானியை அறிந்தோர் அவர்களிலும் சிலர்.

அணுக்குண்டு வெடித்ததும் தன்னைத்தானே அழித்துவிடுகிறது. எஞ்சுவது மேகத்தில் மிதக்கும் தூசி மட்டுமே. எவ்வளவு எரிபொருள் எரிந்தது, குண்டு எவ்வாறு தொழிற்பட்டது என்பவற்றை அத்தூசியே சொல்லும். சோவியத் ஒன்றியம் 1949 ஓகஸ்ட் 29 இல் தன் முதற்குண்டை இரகசியமாக வெடித்தபோது, அடுத்த சில நாட்களில் ஜப்பானிலிருந்து அலாஸ்கா நோக்கிப் பறந்த அமெரிக்க வானிலை விமானமொன்றின் வடிதாளில் படிந்த துகள்களே அந்த இரகசியத்தை வெளிப்படுத்தின.

தொடக்கத்தில் அமெரிக்கர் ஆளில்லா விமானங்களையே மேகத்துக்குள் அனுப்பினர். 1948 இல் விமானியொருவர் தற்செயலாக மேகத்தினூடே சென்று நலமுடன் மீண்டார். அதன் பின்னரே மனிதர்களை அனுப்பும் வழக்கம் வேரூன்றியது.

1952 நவம்பர் 1. பசுபிக் சமுத்திரத்தின் எனிவெட்டோக் பவளத்தீவுத் தொகுதியில் 'மைக்' என்ற ஐதரசன் சாதனம் வெடித்தது. அதன் வலு 10.4 மெகாதொன், ஹிரோஷிமாக் குண்டைப்போல் ஏறத்தாழ 700 மடங்கு. எலுகெலாப் என்ற தீவு அடியோடு மறைந்தது. எழுந்த மேகம் எந்தப் போர்விமானமும் எட்டமுடியாத உயரத்துக்குச் சென்றதால், எப்-84 ரக விமானங்கள் அதன் தண்டுப் பகுதிக்குள் நுழைந்தன. இறக்கை நுனித் தாங்கிகளில் வடிதாள்கள் பொருத்தப்பட்டிருந்தன.

அவ்விமானிகளுள் ஒருவர் கப்டன் ஜிம்மி ரொபின்சன். மேகத்துக்குள் அவரது விமானம் கட்டுப்பாட்டை இழந்து சுழன்று வீழ்ந்தது. அரும்பாடுபட்டு அதை மீட்டார். ஆயினும் எரிபொருள் தீர்ந்தது. எனிவெட்டோக் ஓடுபாதையை எட்டும் முன்னரே விமானம் கடலில் வீழ்ந்தது. அவரது உடல் கிடைக்கவில்லை.

ஏனைய விமானங்கள் கொண்டுவந்த தாள்களை பேர்க்லியில் அல்பேர்ட் கியோர்சோ குழுவினர் ஆராய்ந்தனர். யுரேனியம்-238 அணுவொன்று கணப்பொழுதில் 15 நியூத்திரன்களை விழுங்கி, பின்னர் ஏழு முறை பீற்றாத் தேய்வுற்று 99 ஆம் மூலகமாகியிருந்தது. முதலில் அகப்பட்டவை 200 க்கும் குறைவான அணுக்களே! இராணுவ இரகசியம் என்பதால் இக்கண்டுபிடிப்பு 1955 இலேயே முழுமையாக வெளியானது. அதற்குள் பெர்மி மறைந்துவிட்டார்; ஐன்ஸ்டைனும் அவ்வாண்டு ஏப்ரலில் மறைந்தார்.

செய்தித்தாளில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எனக்கொரு பழக்கம் உண்டு. பெரிய செய்தியின் கடைசிப் பந்தியில் ஒதுங்கிக் கிடக்கும் பெயரைத் தேடுவேன். ரொபின்சன் அத்தகைய பெயர். அவர் சேகரித்த தாள்கள் அவரோடு கடலுக்குள் போயின. அவற்றிலும் அப்புதிய அணுக்கள் சில படிந்திருக்கக்கூடும். குண்டை ஆக்கியோர் செய்தது சரியா என்பது வேறு வழக்கு. மேகத்துக்குள் போ என்று பணிக்கப்பட்டுப் போனவரின் பெயரையும் அந்த இரு மூலகங்களின் வரலாற்றோடு சேர்த்துச் சொல்வதே நியாயம்.