அறையின் சூடும் தேறலின் தண்மையும்

‘சிவப்பு வைனை அறை வெப்பநிலையிற் பரிமாறுக’ என்றொரு விதி உலகெங்கும் வழங்குகின்றது. கொழும்பு விடுதிகளிலே பரிமாறுபவருக்கும் அது மனப்பாடம். பாரிசிலிருந்து விடுமுறைக்கு வரும் நம்மவருக்கும் மனப்பாடம். ஆனால் எந்த அறை, யாருடைய அறை என்ற கேள்வியை எவரும் எழுப்பக் காணோம். இந்துக் கல்லூரியிலே தமிழ் படிப்பிக்கும் ஒருவருக்கு வைனில் என்ன வேலை என்று நேயர்கள் வினவக்கூடும். புறநானூற்றைப் படிப்பிப்பவன் அதிலிருந்து தப்பிவிட முடியாது. காரணத்தைப் பின்னர் சொல்கின்றேன்.

முதலில் அறையை நோக்குவோம். அது பிரெஞ்சுக்காரரின் அறை. அவர்கள் மொழியிலே அறையைக் குறிக்கும் ‘ஷாம்பர்’ என்ற பெயரிலிருந்து ‘ஷாம்ப்ரே’ என்றொரு வினை பிறந்தது. நிலவறையிலே பத்துப் பன்னிரண்டு பாகையிற் குளிர்ந்து கிடக்கும் சிவப்பு வைனை, உண்ணும் அறைக்குக் கொண்டுவந்து, அவ்வறையின் சூட்டுக்கு மெல்ல ஏறவிடுதலே அதன் பொருள். வீடு முழுவதையும் சூடாக்கும் பொறிகள் வருமுன் கட்டப்பட்ட கல்வீடுகள் அவை. கணப்பு எரிந்தாலும் அறையின் வெப்பம் 16 பாகை, மிஞ்சினால் 18 பாகை செல்சியஸ். பிற்காலத்திலே பிரான்சிலேயே அறைகள் இருபதைத் தாண்டிவிட்டன. விதியின் சொற்களோ பழைய அறையிலேயே நின்றுவிட்டன.

கொழும்பிலே ஓர் உறவினர் வீட்டு விருந்து. பாரிசிலிருந்து வந்தவர் விதிப்படி காலையிலேயே போத்தலை மேசைமீது எடுத்து வைத்துவிட்டார். மதியத்தில் வெப்பம் 30 பாகையை எட்டியிருந்தது. மூடியைத் திறந்ததும் முதலில் எழுந்தது பழவாசமன்று, சாராய நெடி! சூடு ஏற ஏற மதுசாரம் விரைந்து ஆவியாகிப் பழத்தின் மணத்தை மூடிவிடுகின்றது. மிகக் குளிர்ந்தாலோ மணம் எழாது. முந்திரிகைத் தோலிலும் விதையிலுமிருந்து வரும் துவர்ப்பு நாவைப் பிடிக்கும். ஆதலினாற்றான் கனமான சிவப்பு வைன்களுக்கு 16 முதல் 18 பாகையும், பொஜொலே போன்ற இலேசானவற்றுக்கு 12 முதல் 14 பாகையும் பொருந்தும் என்பர்.

இந்த நுட்பம் பிரெஞ்சுக்காரருக்கு மிக முந்தியது. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஏதென்சுக் குயவர் ‘சிக்டெர்’ என்னும் காளான் வடிவக் கலத்தை வனைந்தனர். அதிலே வைனை நிறைத்து, குளிர்நீரோ பனியோ கொண்ட பெரிய கலத்தினுள் நிறுத்துவர். உரோமர் வெந்நீர் கலந்தும் குடித்தனர், பனியிட்டும் குடித்தனர். நீரைக் கொதிக்கவைத்துக் கண்ணாடிக் கலத்திலிட்டுப் பனியிலே குளிரவைக்கும் முறை நீரோ மன்னனின் கண்டுபிடிப்பு என மூத்த பிளினி எழுதியுள்ளார். நீரோவின் ஆசானாயிருந்த செனெக்காவோ, பனியை விலைகொடுத்து வாங்கும் ஆடம்பரத்தைக் கடிந்துரைத்தவர். ஆசிரியத் தொழிலிலுள்ள நாங்கள் இதனைப் படித்துச் சற்று ஆறுதலடையலாம்.

பனி விழாத எகிப்திலும் ஒரு வழி இருந்தது. குடிநீர்ச் சாடிகளை இரவிலே வீட்டின் உயரமான இடத்தில் வைப்பர். அடிமைகள் இராமுழுதும் விழித்திருந்து சாடிகளின் வெளிப்புறத்தை நனைத்துக்கொண்டிருப்பர். அதேனேயஸ் என்பாரின் நூல் இச்செய்தியைக் காத்துத் தந்துள்ளது. நம் வீட்டு மண்பானையின் தத்துவமும் இதுவே. ஆவியாகும் நீர் சூட்டைத் தன்னோடு கொண்டுபோய்விடுகின்றது.

அந்த எகிப்தின் செங்கடற் துறைகளிலிருந்துதான் யவனர் கலங்கள் தமிழகத்துக்குப் புறப்பட்டன. கி.பி. முதலாம் நூற்றாண்டுக்குரிய ‘பெரிப்ளூஸ்’ என்னும் நூல், முசிறியில் இறங்கிய சரக்குகளுள் வைனையும் சேர்த்து, அது அதிகமில்லை என்கின்றது. 1945இல் மோர்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது இருகாதுச் சாடிகளின் உடைந்த துண்டுகள் வெளிப்பட்டன. கிரேக்கத்துக் கோஸ் தீவின் சாடிவகையும் அங்கு கிடைத்தவற்றுள் அடங்கும்.

அதிகமில்லாத சரக்கு அரசனின் மண்டபத்துக்கே போகும். புறநானூற்றின் 56ஆம் பாடலிலே நக்கீரனார், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைத் தெய்வங்கள் நால்வருக்கு ஒப்பிட்டபின், யவனர் தந்த தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்க, அதனைப் பருகி நாளும் மகிழ்ந்திருக்குமாறு அவனை வாழ்த்துகின்றார். அத்தேறலுக்கு அவர் கொடுக்கும் அடைகள் இரண்டு: ஒன்று மணம், மற்றது தண்மை.

‘தண்’ என்பது தமிழில் அருளையும் உணர்த்தும், தண்ணளி என்கின்றோம். ஆகவே இங்கும் இனிமை என்று மட்டும் பொருள் கூறிக் கடந்துவிடலாம் என்பார் உளர். எனக்கு அது உடன்பாடன்று. கலம், மணம், பொன், வளையணிந்த கை என்று கண்ணுக்கும் மூக்குக்கும் புலனாகும் பொருள்களையே புலவர் அடுக்குகின்றார். அவற்றிடையே குளிர்மை மட்டும் உவமைச் சொல்லாய் நிற்பானேன்? வெயிலிலே கடல் கடந்து வந்த சாடி மதுரையிலே தானாகக் குளிர்ந்துவிடாது. அதனை எவரோ குளிரவைத்திருக்க வேண்டும். கிண்ணம் ஏந்திய மகளிர் பாட்டிலே இடம்பெற்றனர். சாடியை நனைத்த கைகள் இடம்பெறவில்லை. மாணவருக்கு இப்பாடலைச் சொல்லும்போது அந்தக் கைகளையும் சேர்த்தே சொல்கின்றேன்.

இன்றைய வீடுகளிலே அவ்வேலையைக் குளிர்சாதனப் பெட்டி ஏற்றுக்கொண்டது. நம் வெப்பத்திலே கிடந்த போத்தலுக்கு அதில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் இடம் கொடுக்கவேண்டும். அவசரமெனில் வாளியிலே ஐஸையும் தண்ணீரையும் கலந்து கால் மணித்தியாலம் அமிழ்த்திவைக்கலாம். வெறும் ஐஸ்கட்டி போதாது. நீர் சேர்ந்தாற்றான் போத்தலின் மேனி முழுவதையும் குளிர் தொடும். கிண்ணத்தை நிறைத்து வார்ப்பதும் கூடாது. குடித்து முடிப்பதற்குள் நம் அறை அதனைச் சுட்டுவிடும். மின்சாரம் நின்றுபோன நாளிலோ, சோளகக் காற்று வீசும் யன்னலோரத்திலே ஈரத்துணி சுற்றி வைத்தால் ஓரளவு பலன் உண்டு. துணி காயக் காய எவரேனும் எழுந்து நனைக்கவேண்டும்.